செய்தவை எத்தனை? எஞ்சியவை எத்தனை?



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு விழுக்காட்டுப் பாடம் நடத்திக் கொண்டிருந்த ஒரு நாள், பள்ளி வாயிலில் பழைய மோரிஸ் மைனர் மகிழுந்து ஒன்று வந்து நின்றது. மாணவர்கள் சன்னலருகே கூடிவிட்டனர். நானும் பாடத்தை நிறுத்திவிட்டு, "அந்தக் காலத்துப் பொருள் உறுதியானது. அதனால்தான் இன்றும் ஓடுகிறது" என்று பெருமையாகச் சொன்னேன். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அந்தக் காலத்தில் செய்த மற்ற வண்டிகளெல்லாம் எங்கே போயின?" என்று கேட்டான். விடை தெரியாமல் திகைத்தேன். அக்கேள்வியால் எழுந்த தேடலின் பயனே இக்கட்டுரை.

முதலில் செய்தவற்றின் கணக்கைப் பார்ப்போம். பிரிட்டனில் நடுத்தரக் குடும்பங்களுக்கு மகிழுந்தை எட்டும் பொருளாக்கியது 1922-இல் வெளிவந்த ஆஸ்டின் செவன். ஹெர்பர்ட் ஆஸ்டின், பதினெட்டு வயதே ஆன ஸ்டேன்லி எட்ஜ் என்னும் வரைவாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தம் இல்லத்திலேயே இதன் வரைபடங்களை உருவாக்கினார். 1939 வரை ஏறத்தாழ 290,000 வண்டிகள் செய்யப்பட்டன. அடுத்து, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948-இல் வந்தது. பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் மகிழுந்து இதுவே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது மொத்தம் 16 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அவரே வடிவமைத்த மினி, 1959 முதல் 2000 வரை 5,387,862 என்னும் எண்ணிக்கையை எட்டியது.

இத்தனை வண்டிகளும் எங்கே போயின? முதற்காரணம் துரு. பிரிட்டனில் குளிர்காலத்தில் பனியுருக உப்பைச் சாலைகளில் தூவுவார்கள். அவ்வுப்பு வண்டியின் அடிப்பாகத்தை அரித்துவிடும். ஆஸ்டின் செவனுக்குத் தனிச் சட்டகம் உண்டு. மேற்கூடு கெட்டாலும் சட்டகம் பிழைக்கும். மைனருக்கும் மினிக்கும் உடற்கூடே சட்டகம். கீழ்த்தகடு அரிக்கப்பட்டால் வண்டி முழுவதுமே வலுவிழக்கிறது.

இரண்டாம் காரணம் சட்டம். 1960-இல் பிரிட்டிஷ் அரசு, பத்தாண்டுகளைக் கடந்த வண்டிகளுக்குக் கட்டாயப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. நிறுத்தி, விளக்கு, திசைமாற்றி ஆகியவை சோதிக்கப்பட்டன. 1961-இல் அவ்வயது ஏழாண்டாகவும், 1967-இல் மூன்றாண்டாகவும் குறைக்கப்பட்டது. பழுதுபார்க்கும் செலவு வண்டியின் விலையை மிஞ்சியபோது, உரிமையாளர்கள் அதனைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டனர்.

மூன்றாம் காரணம் விந்தையானது. போருக்குப் பின் இளைஞர் பலர் மலிவாகக் கிடைத்த ஆஸ்டின் செவனின் மேற்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சட்டகத்தின்மேல் பந்தய வண்டி கட்டினார்கள். பின்னாளில் லோட்டஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த கோலின் சேப்மன் 1948-இல் கட்டிய முதல் வண்டியும் அவ்வாறு உருவானதே. அத்தகைய வண்டி எஞ்சியதா, அழிந்ததா? சட்டக எண்ணைப் பார்ப்பவர் எஞ்சியது என்பார். மேற்கூட்டைப் பார்ப்பவர் அழிந்தது என்பார்.

ஆகவே, எஞ்சியவற்றை எண்ணுவது எளிதன்று. பதிவேடுகளும் முழுமையாக இல்லை. தொடக்கத்தில் அந்தந்த வட்டார மன்றங்களே வாகனப் பதிவேடுகளை வைத்திருந்தன. 1970களில் சுவான்சி நகரில் கணினிப் பதிவு தொடங்கியபின் பல ஏடுகள் அழிக்கப்பட்டன. 1983-க்குள் கணினியில் பதியப்படாத பழைய வண்டிகள், ஏதோ ஒரு கொட்டகையில் முழுமையாக நின்றிருந்தாலும், அரசின் கணக்கில் இல்லாமற் போயின.

எஞ்சியவை நம்மை ஏமாற்றவும் கூடும். மைனரில் துணிக்கூரை கொண்ட திறந்த வண்டிகள் மொத்த உற்பத்தியில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. ஆயினும் மக்கள் விரும்பிப் பேணுவது அவற்றையே. மூடிய வண்டியின் கூரையை வெட்டித் திறந்த வண்டியாக மாற்றியவர்களும் உண்டு. கண்காட்சியில் நிற்பவற்றை மட்டும் பார்த்து அக்காலச் சாலையைக் கற்பனை செய்தால், நாம் காண்பது பொய்யான சாலை.

அப்படியானால் பிழைத்தவை எவ்வாறு பிழைத்தன? உறுதி மட்டும் காரணமன்று. 1951-இல் ஆஸ்டின் ஏ30 வண்டியில் அறிமுகமான 'ஏ' வரிசை இயந்திரம் 1952 முதல் மைனரிலும் பிறகு மினியிலும் பொருத்தப்பட்டது. அவ்வியந்திரக் குடும்பம் 2000 வரை தொடர்ந்ததால், மைனர் நின்ற பின்னும் பல இயந்திர உதிரிப் பாகங்கள் கிடைத்தன. 1939-இல் தோன்றிய 750 மோட்டார் கழகம் போன்ற ஆர்வலர் அமைப்புகள் பழுதுபார்க்கும் அறிவைக் கைமாற்றிக் கொடுத்தன. கைவிடாத மனிதரும், கிடைத்த பாகமும், மறவாத தொழிலறிவும் சேர்ந்தே அவ்வண்டிகளைக் காத்தன.

மறுவாரம் வகுப்பில், "நான் சொன்னது தவறு" என்று ஒப்புக்கொண்டேன். ஓடும் வண்டி நம் கண்ணுக்குத் தெரிகிறது, இரும்புக் கடைக்குப் போன வண்டி தெரிவதில்லை என்று விளக்கினேன். கேள்வி கேட்ட மாணவன் முகத்தில் புன்னகை தெரிந்தது.

பெற்றோர்களே, இதே பிழையை நாம் பிள்ளைகள் விஷயத்திலும் செய்கிறோம். "எங்கள் காலத்தில் பிரம்படி வாங்கித்தான் படித்தோம், நன்றாக வரவில்லையா?" என்று கேட்கிறோம். நன்றாக வந்தவர்கள்தாம் இன்று நம்முன் நின்று பேசுகிறார்கள். என்னோடு ஒரே பலகையில் அமர்ந்து, ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டு நின்றவர்களின் பெயர்களை எண்ணிப் பார்க்கிறேன். அக்காலக் கல்வியைப் பற்றி அவர்களை யாரும் கேட்பதில்லை. நானும் இதுவரை கேட்டதில்லை.

நூறு பேர் சேர்ந்த வகுப்பில் எத்தனை பேர் கரையேறினார்கள் என்பதே முழுக்கணக்கு. பழமையைப் போற்றுவோம். ஆனால், போற்றுமுன் கீழெண்ணையும் கேட்போம்.