சொன்னவர் யார்?
கல்வராயன் மலை ஆய்வுகளும் ஆய்விதழ் அறமும்

கல்வராயன் மலையைப் பற்றி அச்சில் வந்த எழுத்துகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. இம்மலைத்தொடரின் கிழக்குப் பகுதி அன்று தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது; அம்மாவட்டத்தின் கையேட்டை ஜே. எச். கார்ஸ்டின் 1878ஆம் ஆண்டில் வெளியிட்டார். மேற்குப் பகுதி சேலத்தைச் சார்ந்தது. சேலம் மாவட்டக் கையேட்டை எச். லெ ஃபானு 1883இல் தொகுத்தார். 1906இல் டபிள்யூ. ஃபிரான்சிஸ் எழுதிய தென்னாற்காடு விவரச்சுவடி வந்தது. 1909இல் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையுடன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதில் மலையாளிப் பழங்குடியினருக்குத் தனிக் கட்டுரை ஒன்று உண்டு.

2019ஆம் ஆண்டு நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. வெள்ளிமலையை மையமாகக் கொண்ட மலை ஊர்கள் இன்று மானிடவியல், மூலிகையியல், நிலவுரிமை வரலாறு எனப் பல துறை மாணவர்களுக்கும் ஆய்வுக்களமாக உள்ளன. அவர்கள் எழுதுவது பட்டத்திற்கான ஆய்வேட்டோடு நின்றுவிடுவதில்லை; ஆய்விதழ்களுக்குக் கட்டுரையாகவும் செல்கிறது. அவ்வாறு ஒரு கட்டுரையை ஆயத்தம் செய்து அனுப்புவதில் அடங்கியுள்ள அறம் யாது என்பதை, இம்மலையையே சான்றாகக் கொண்டு நோக்குவது நம் கருத்து.

ஒரு கதையின் பயணம்

மலையாளிகள் தம் தோற்றத்தைப் பற்றிச் சொல்லும் மரபுக்கதை பலரும் அறிந்தது. காஞ்சிபுரத்திலிருந்து வெளியேறிய சகோதரர் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது அதன் சாரம். மலைக்கு மலை அது சற்றே வேறுபடும். மக்களின் நாவில் இருந்த கதை மாவட்டக் கையேடுகளில் ஏறியது. அங்கிருந்து தர்ஸ்டனின் தொகுதிகளுக்குச் சென்றது. அதன்பின் ஆய்வேடுகளுக்கும் கட்டுரைகளுக்கும் வந்தது.

இன்று ஓர் ஆய்வாளர் இக்கதையை எழுதி, அதன் அடியில் 1883ஆம் ஆண்டுக் கையேட்டைச் சான்றாகக் குறிக்கிறார் எனக் கொள்வோம். அவர் அந்நூலைக் கண்டாரா, தர்ஸ்டன் எடுத்தாண்ட பகுதியை மட்டும் கண்டாரா, அல்லது தர்ஸ்டனை எடுத்தாண்ட மற்றோர் ஆய்வேட்டைக் கண்டாரா? மூன்றில் எதுவாயினும் அடிக்குறிப்பு ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இடையில் ஒருவர் பக்க எண்ணைத் தவறாகக் குறித்திருந்தால், அல்லது சேர்வராயன் மலைக்குரிய செய்தியைக் கல்வராயனுக்கு ஏற்றியிருந்தால், அத்தவறு மூலநூலின் பெயரைச் சுமந்துகொண்டு தலைமுறைகளைக் கடக்கும். பிழை புகுந்த இடத்தைத் தேடிச் செல்ல வழியே இராது.

ஸனதும் தத்லீஸும்

இக்கேள்வி நம் வாசகர்களுக்குப் புதியதன்று. ஹதீஸ் கலை முழுவதும் இதன்மீது எழுந்ததே. ஒரு செய்தியின் வாசகத்தை ஆராயுமுன், அது யார் வழியே யாரை வந்தடைந்தது என்னும் ஸனதை அறிஞர்கள் ஆராய்ந்தனர். அறிவிப்பாளர் ஒருவர் தாம் நேரில் கேளாததைக் கேட்டது போன்ற தோற்றம் தரும் சொல்லால் அறிவித்து இடையில் நின்றவரை மறைப்பதற்குத் தத்லீஸ் என்று பெயரிட்டனர். அவ்வாறு செய்தவர்களை ஐந்து படித்தரங்களாகப் பகுத்து இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) தனி நூலே தொகுத்தார். தத்லீஸ் செய்தவர் எல்லாரும் பொய்யர் அல்லர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அவர் சொன்ன செய்தி உண்மையாகவும் இருக்கலாம். மறைக்கப்பட்டது வழி மட்டுமே. ஆயினும் அம்மறைப்பே ஆய்வுக்குரிய குறையாயிற்று.

நூல் எழுதுவோரிடையேயும் இதே வழக்கு எழுந்ததுண்டு. இமாம் ஜலாலுத்தீன் சுயூத்தி (ரஹ், மறைவு 1505) தம் நூல்களைப் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொண்ட சமகாலத்தவர் ஒருவரைக் கண்டித்து, நூலாசிரியருக்கும் திருடருக்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்தும் சிறு நூல் ஒன்றை இயற்றினார். இமாம் கஸ்தல்லானீ (ரஹ், மறைவு 1517) மீதும் அவர் குறை கூறினார். அகமதாபாத்தில் வாழ்ந்த அப்துல் காதிர் அல்ஐதரூஸ் (மறைவு 1628) தம் வரலாற்று நூலில் அதைப் பதிந்திருக்கிறார். வழக்கு ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல்அன்ஸாரி (ரஹ்) முன் வந்தது. கஸ்தல்லானீ பல இடங்களில் இமாம் பைஹகீயை மேற்கோள் காட்டியிருந்தார். பைஹகீ எழுதிய நூல்கள் பல. அவற்றுள் எதிலிருந்து எடுத்தீர் என்பதே சுயூத்தியின் வினா. பைஹகீயின் கூற்றுகளைத் தம் நூல்களில் கண்டு எடுத்தவர், சுயூத்தி வழியாகப் பைஹகீ என்றே எழுதியிருக்க வேண்டும் என அவர் வாதிட்டார். பின்னர் கஸ்தல்லானீ கெய்ரோவிலிருந்து ரவ்ழா வரை வெறுங்காலுடன் நடந்து சென்று இணக்கம் வேண்டினார் என்றும் அந்நூல் கூறுகிறது.

இதில் சொல் திருட்டு இல்லை. பைஹகீயின் பெயரும் மறைக்கப்படவில்லை. இடையில் நின்றவரின் உழைப்பு மட்டுமே மறைந்தது. அதற்கே இத்தனை கண்டிப்பு!

தமிழ் மரபும் இவ்வுணர்வு உடையதே. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நன்னூல் வகுக்கிறது. வழிநூல் செய்தல் இழுக்கன்று. அதை முதல்நூல் போலக் காட்டுதலே இழுக்கு.

விழுக்காடு காணாத குறை

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கான விதிமுறைகளை 2018இல் வெளியிட்டது. அதன்படி 10 விழுக்காடு வரையிலான சொல்லொப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40, 60 என எல்லைகள் உயர உயர நடவடிக்கையும் கடுமையாகும். இவ்விதிகள் தேவையானவை. ஆனால் மென்பொருள் சொற்களை ஒப்பிடுமேயன்றி வழியை அறியாது. தர்ஸ்டனின் ஆங்கிலப் பத்தியைத் தமிழாக்கித் தம் பெயரில் எழுதியவர் அச்சோதனையில் எளிதாகத் தப்பலாம். காணாத நூலைக் கண்டதாகக் குறித்தவரோ ஒரு விழுக்காடும் பெறார். எனவே கட்டுரையாளர் தம் மேற்கோள்களைத் தாமே ஒருமுறை விசாரிக்க வேண்டும். மூலத்தைக் கண்டிருந்தால் மூலத்தைக் குறிக்கலாம். காணவில்லையெனில், இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது என்று எழுதுவதில் இழிவு ஏதும் இல்லை.

அடுத்தது ஆசிரியர் பெயர். தர்ஸ்டன் காலனிய அதிகாரி. மக்களின் உடலை அளந்து எண்களாக்கியவர். அவரது முறையை இன்று நாம் ஏற்க இயலாது. எனினும் அத்தொகுதிகளின் முகப்பில் ரங்காச்சாரியின் பெயர் இடம்பெற்றது. இன்று மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறியைப் பிற துறை இதழ்களும் பின்பற்றுகின்றன. ஆய்வில் கணிசமான பங்கு, எழுத்தில் பங்கு, இறுதி வடிவத்திற்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பேற்றல் ஆகிய நான்கும் உடையவரே ஆசிரியர். பங்களிக்காத மேலதிகாரியின் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பதும், களத்தில் உழைத்த இளையவரின் பெயரை விடுவதும் ஒரே குறையின் இரு பக்கங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி ஆசிரியராக முடியாது, அதன் உதவி பெறப்பட்டிருந்தால் வெளிப்படையாகக் கூற வேண்டும் என்பதை வெளியீட்டு அறத்திற்கான பன்னாட்டுக் குழு 2023இல் தெளிவாக்கியது. பொறுப்பேற்க இயலாதது ஆசிரியர் ஆகாது என்பதே அதன் காரணம்.

இதழைத் தேர்வதிலும் விழிப்பு வேண்டும். மானியக் குழு 2019இல் வெளியிட்ட ‘கேர்’ பட்டியலை 2025இல் கைவிட்டது. ஆகவே இதழின் ஆசிரியர் குழு, மதிப்பீட்டு முறை, கட்டண விவரம் ஆகியவற்றை ஆராயும் கடமை ஆய்வாளரையும் அவரது நிறுவனத்தையும் சேர்ந்தது. சில நாட்களில் வெளியிடுவதாக வாக்களித்துப் பணம் கேட்கும் இதழ், மதிப்பீடு செய்யப்போவதில்லை என்பதையே அவ்வாக்கால் சொல்லிவிடுகிறது. தேர்ந்த பின், ஒரு கட்டுரையை ஒரே நேரத்தில் ஓர் இதழுக்கே அனுப்ப வேண்டும். அங்கிருந்து முடிவு வந்த பின்னரோ, முறைப்படி திரும்பப் பெற்ற பின்னரோ மற்றோர் இதழை நாடலாம். ஊதியமின்றி வாசிக்கும் மதிப்பீட்டாளர்களின் காலம் அமானிதம் போன்றது. ஒரே கட்டுரைக்காக இரு இதழ்களில் அதைச் செலவிடச் செய்வது முறையன்று.

மலையிலிருப்பவரின் உரிமை

ஸனதின் முதற்கண்ணி நூலகத்தில் இல்லை, மலையில் இருக்கிறது. மூலிகையின் பயனைச் சொன்ன வைத்தியர், ஜாகிர்தாரர் காலத்து வெட்டி வேலையை நினைவுகூர்ந்த முதியவர், பாதை காட்டிய இளைஞர் ஆகியோரே மெய்யான மூலங்கள். கட்டுரைகளில் இவர்கள் பெரும்பாலும் ‘தகவலாளிகள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர்.

அகத்தியமலைக் காணிகளின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. 1987இல் தம்முடன் வந்த காணிகள் உண்ட ஒரு காயிலிருந்து ஆரோக்கியப்பச்சை என்னும் தாவரத்தின் பயனை ஆய்வாளர்கள் அறிந்தனர். கேரளத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ஆக்கிய மருந்தின் உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என முடிவாயிற்று. அம்முயற்சியில் குறைகளும் இருந்தன. ஆயினும் அறிவின் உடைமையாளர் யார் என்னும் வினாவை அது எழுப்பியது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டமும் அவ்வினாவை நாட்டின் சட்டமாக்கியது.

ஆனால் பெயர் சொல்வது மட்டுமே எப்போதும் அறமாகாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் கல்வராயன் மலை மக்கள்மீது காவல்துறையின் கவனமும் செய்தியாளரின் கவனமும் திரும்பின. அம்மக்களின் வாழ்வாதாரம் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து விசாரித்தது. இந்நிலையில் சாராயம், கடன், வன வழக்கு ஆகியவற்றைப் பற்றி ஒருவர் சொன்னதை ஊரும் பெயருமாக அச்சிட்டால் அவருக்குத் தீங்கு நேரலாம். இருபது வீடுகள் உள்ள ஊரில் பெயரை மாற்றி வயதையும் தொழிலையும் எழுதினாலும் ஆள் தெரிந்துவிடும்.

ஆக, ஒரே மலையில் இரு கடமைகள் நிற்கின்றன. தம் அறிவுக்காக அறியப்பட விரும்பும் வைத்தியரின் பெயரை அவர் இசைவோடு எழுத வேண்டும். தம் துன்பத்தைச் சொன்னவரின் பெயரைக் காக்க வேண்டும். எது எங்கே பொருந்தும் என்பதைக் களத்திற்குச் செல்லுமுன் அறநெறிக் குழுவிடம் ஒப்புதல் பெறும்போதே சிந்திக்க வேண்டும். கட்டுரை அச்சேறும் தறுவாயில் அன்று. இசைவும் மக்களுக்குப் புரியும் தமிழில், மறுக்கும் உரிமையையும் எடுத்துச் சொல்லிப் பெற்றதாக இருத்தல் வேண்டும். இவ்வாறு மறைப்பது தத்லீஸ் ஆகாது. மறைத்திருக்கிறோம் என்பதையும் அதன் காரணத்தையும் கட்டுரையே அறிவித்துவிடுகிறது அல்லவா?

அச்சான பின் பிழை தெரிந்தால் இதழுக்கு எழுதித் திருத்தம் வெளியிடச் செய்வதும் இவ்வறத்தின் பகுதியே. 1883இலோ 1906இலோ பதிந்த ஒரு வரி இன்றும் இம்மலை மக்களின் வரலாறாக வாசிக்கப்படுகிறது. இன்று நாம் எழுதும் வரியும் அவ்வாறே வாசிக்கப்படும். அதை வாசிக்கும் மலையாளிப் பேரன் ஒருவன், இதைச் சொன்னவர் யார், கேட்டவர் யார், இடையில் நின்றவர் யார் என்று வினவினால், விடை அக்கட்டுரையிலேயே இருக்க வேண்டும்.