மலைநாட்டு மின்சாரமும் சுற்றுடைப்பானும்

இலங்கையின் மின்சார வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அணைகளையும் சுழலிகளையுமே போற்றினர். 1918 இல் நீர்மின் வலுவின் தேவையை எடுத்துரைத்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, தடைகள் பல கடந்து 1950 இல் மின் வழங்கத் தொடங்கிய லக்சபான, 1976 இல் மகாவலி நீரைப் பொல்கொல்லையிலிருந்து சுரங்கவழி உக்குவெலவிற்குத் திருப்பிய திட்டம், 1985 இல் திறக்கப்பெற்ற விக்டோரியா என அவ்வரலாறு செல்லும். இம்மின்சாரத்தை ஆபத்து வேளையில் துண்டிக்கும் சுற்றுடைப்பானுக்கு அதில் இடமில்லை. கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டில் அக்கருவியைப் பேணுவதும் செப்பஞ்செய்வதும் ஒரு வரலாற்றுப் பொருளே என்பதை ஈண்டு நோக்கலாம்.

வீட்டு ஆளியைத் திறப்பது எளிது. குறுஞ்சுற்றின்போது பாயும் பல்லாயிரம் அம்பியர் மின்னோட்டத்தை நிறுத்துவது எளிதன்று. தொடுகைகள் பிரியுங்கணத்தில் எழும் மின்வில் செம்பையே உருக்கிவிடும். தொடுகைகளை எண்ணெயில் அமிழ்த்தி அவ்வில்லை அணைக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிற் கையாளப்பெற்று, பின்னர் உலகெங்கும் பரவியது. ஆயினும் வில்லை அணைக்குந்தோறும் எண்ணெய் கரிபடியும். ஈரஞ் சேரின் அதன் காப்பாற்றல் குன்றும். ஆகவே பராமரிப்போர் எண்ணெயின் மாதிரியை 2.5 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள மின்வாய்களுக்கிடையே வைத்து, அது எத்தனை கிலோவோல்ற்றைத் தாங்குகிறதெனச் சோதிப்பர். குழிவிழுந்த தொடுகைகளை மாற்றுவர். மூடுபனியும் மழையும் மிக்க மலைநாட்டில் இது சிறிய வேலையன்று.

எண்ணெயின் இடத்தை வெற்றிடமும் கந்தக அறுபுளோரைட்டு வாயுவும் பின்னர்ப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. சுருள்வில்லும் தாழ்ப்பாளுமோ நீங்கவில்லை. ஆண்டுக்கணக்கில் அசையாதிருக்கும் தாழ்ப்பாளிற் கிரீஸ் இறுகிவிடும். வெளியே பளபளக்கும் பெட்டி, வேண்டிய நாளில் திறவாது போதலும் உண்டு. இதனாலேயே பழுதில்லாத சுற்றுடைப்பானையும் காலத்துக்குக் காலம் வேண்டுமென்றே திறந்து மூடுதல் வேண்டும்.

செப்பஞ்செய்தல் இதனினும் நுட்பமானது. எத்தனை அம்பியரில் திறப்பது, எத்துணை நேரந் தாழ்த்துத் திறப்பது என்னும் இரண்டுமே அதன் உயிர்நிலை. கண்டி மாவட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையொன்றை எண்ணுவோம். வாட்டும் விசிறியும் அரைக்கும் உருளையும் மின்மோட்டரால் இயங்குவன. மோட்டர் புறப்படும்போது தன் வழமையான மின்னோட்டத்தைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கை ஈர்க்கும். சுற்றுடைப்பான் அதனைப் பழுதென மயங்கித் திறந்தால் வேலை நிற்கும், கொழுந்து காத்திராது. அவ்வேளையிற் குமிழை ஒரு படி உயர்த்திவிட எவருக்குந் தோன்றும். (அக்கை யாருடையது என்பது பெரும்பாலும் பதிவேட்டிற் காணப்படுவதில்லை!) பின்னொருநாள் மெய்யாகவே பழுது நேரும்போது, முதலில் திறக்கவேண்டிய தொழிற்சாலைச் சுற்றுடைப்பான் வாளாவிருக்கும், அதற்கு மேலுள்ள வழங்கல் வழியின் சுற்றுடைப்பான் திறந்து, குற்றமற்ற அயலூர்களும் இருளில் மூழ்கும்.

குமிழை எவருந் தொடாதபோதும் அந்த அளவு முதுமையடையும் என்பதே வரலாற்று மாணவர் கருதவேண்டியது. வலையமைப்பிற் புதிய மின்பிறப்பாக்கி ஒன்று இணையுந்தோறும், குறுஞ்சுற்று நேரும் இடத்தை நோக்கிப் பாயும் மின்னோட்டம் மிகும். 25 மெகாவாற்றுடன் தொடங்கிய லக்சபானக் காலத்துக்கெனத் தெரிந்த கருவியும் கணித்த அளவும், 210 மெகாவாற்று விக்டோரியா இணைந்தபின் மீண்டும் கணிக்கப்பட வேண்டியனவாயின. விக்டோரியா, கொத்மலை நிலையங்களின் மின்சாரம் 220 கிலோவோல்ற்று வழியால் பியகமவை அடைகின்றது.

2021 டிசெம்பர் 3 இலும் 2023 டிசெம்பர் 9 இலும் தீவு முழுவதும் இருண்டபோது, கொத்மலை - பியகம வழியில் நேர்ந்த கோளாறே தொடக்கமெனக் கூறப்பட்டது. அதற்கு ஒரு தனிக் குமிழைக் குற்றஞ்சாட்டுவது எம் கருத்தன்று. பெருவழியொன்று திறந்ததும் வலுவின் சமநிலை குலைய, ஏனைய மின்பிறப்பாக்கிகள் தம்மைக் காக்கத் தாமே ஒன்றன்பின் ஒன்றாக விலகுதல் பெரிய வலையமைப்புகளின் இயல்பு. அவ்வாறான இருளில் முதலில் விழிக்க வல்லவை மலைநாட்டு நீர்மின் நிலையங்களே. வெளியுதவியின்றிச் சுழலியை இயக்கி, வெறுமையான வழியில் மின்னை ஏற்றி, சுற்றுடைப்பான்களை ஒவ்வொன்றாக மூடி, அடுத்த நிலையத்தை எழுப்பப் பல மணிநேரஞ் செல்லும்.