பொங்கல் விருந்து: முன்னோர் வகுத்த பட்டியல் எது?



எங்கள் பள்ளியின் பொங்கல் விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் பெற்றோர் ஒருவர் எழுந்து, "டீச்சர், சர்க்கரைப் பொங்கலில் வெல்லத்தைக் குறைத்தால் என்ன? வீட்டில் பாதிப் பேருக்கு இனிப்புநீர்" என்றார். உடனே மூத்தவர் ஒருவர், "முன்னோர்கள் வகுத்து வைத்ததை மாற்ற நாம் யார் அம்மா?" என்று வினவினார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. கூட்டம் முடிவின்றிக் கலைந்தது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. முன்னோர்கள் வகுத்த பட்டியல் என்கிறோமே, அஃது எந்த முன்னோர்கள் வகுத்தது?

இன்று பொங்கலன்று நம் வாழையிலையில் எவையெல்லாம் இடம்பெறுகின்றன? முந்திரி மிதக்கும் சர்க்கரைப் பொங்கல், பரங்கிக்காய்க் குழம்பு, மொச்சை, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மிளகாய் கிள்ளிப் போட்ட பொரியல், பக்கத்தில் ஒரு துண்டுக் கரும்பு. இவற்றுள் பழமையானவை எவை, பின்னர் வந்து சேர்ந்தவை எவை என்று பார்ப்போம்.

சங்க காலத்தில் 'கறி' என்னும் சொல் மிளகைக் குறித்தது. காரம் என்றால் மிளகுதான். மாதுளங்காயை வெண்ணெயில் வேகவைத்து, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்துப் படைத்ததைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. 1010-இல் நிறைவுபெற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் இறைவனின் திருவமுதுக்கு உரிய பொருள்கள் அளவோடு பொறிக்கப்பட்டுள்ளன. அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, கடுகு, சீரகம், சர்க்கரை ஆகியவை அங்கு உண்டு. மிளகாய் இல்லை. இராசராசசோழன் மிளகாயைக் கண்ணால்கூடக் கண்டவன் அல்லன்.

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492-இல் கொலம்பஸ் அக்கண்டத்தை அடைந்த பின்னரே அது பிற நாடுகளுக்குப் பரவியது. 1498-இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டில் வந்திறங்கினார். அவர் வழியில் வந்த போர்த்துக்கீசியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் மிளகாயையும் பிரேசில் நாட்டு முந்திரியையும் நம் மண்ணுக்குக் கொணர்ந்தனர். மிளகைப் போலக் காரமாக இருந்த காய் என்பதால் நம்மவர்கள் அதற்கு 'மிளகாய்' என்று பெயரிட்டுத் தம் பிள்ளையாக்கிக் கொண்டனர்.

சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துக் கிழங்கே. பரங்கிக்காயோ தன் பெயரிலேயே தன் வரலாற்றைச் சுமந்து நிற்கிறது. 'பரங்கியர்' என்பது ஐரோப்பியரைக் குறித்த சொல். அந்நியரின் பெயரைத் தாங்கிய காய்தான் இன்று பொங்கல் குழம்பின் தனி அடையாளம்! கரும்பு மிகப் பழமையானது. எனினும் அதுவும் வந்த விருந்தாளியே. அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர்கள் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டு வந்தனர் என்று புறநானூற்றின் 99-ஆம் பாடலில் ஔவையார் போற்றுகிறார். கரும்பு முதன்முதலில் பயிரிடப்பட்ட இடம் நியூ கினி என்பது இன்றைய தாவரவியலாளர் கருத்து.

இனி நம் மலாயாக் கதைக்கு வருவோம். கங்காணிகள் அழைத்து வந்த நம் பாட்டன் பூட்டன்மார்கள் இங்கே நெல் விளைவிக்கவில்லை, பால்மரம் வெட்டினார்கள். அறுவடைத் திருநாளைக் கொண்டாட அவர்களிடம் அறுவடை இல்லை. மலாயாவுக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. 1941 டிசம்பரில் தொடங்கிய ஜப்பானியர் படையெடுப்பு அந்த அரிசியையும் பறித்தது. 1945 வரை மரவள்ளிக் கிழங்கே பலருக்குச் சோறாயிற்று. அதுவும் தென்னமெரிக்கக் கிழங்குதான்!

என் தாயார் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். "எங்கள் பொங்கல் கடை அரிசியிலும் டின் பாலிலும் பொங்கியது. ஆனால் பொங்கும்போது லயமே வாசலில் நின்றது" என்று அவர் சொல்வதுண்டு. புத்தரிசி இல்லை, கறந்த பால் இல்லை. ஆயினும் அது பொங்கல்தான் என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. பட்டியல் மாறிற்று, பண்பு மாறவில்லை. கதிரவனுக்கும் உழைப்புக்கும் நன்றி கூறுதல், ஊர் கூடிப் பானை பொங்கக் காணுதல், பொங்கியதைப் பகிர்ந்துண்ணுதல் ஆகிய மூன்றுமே முன்னோர்கள் நமக்கு விட்டுச் சென்ற உண்மையான மரபு.

அதே என் தாயார் இன்று தாம் கிண்டிய பொங்கலை இரண்டு கரண்டிக்கு மேல் உண்ண இயலாதவராக இருக்கிறார். அவருக்கு இனிப்புநீர். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு. நாள் முழுவதும் வயலிலும் மரத்தடியிலும் உடலை வருத்தியவர்களுக்கு ஆண்டில் ஒரு நாள் கிடைத்த இனிப்பு அது. நமக்கோ ஒவ்வொரு நாளும் இனிப்பு நாள். வெல்லம் நாட்டுப்பொருள், ஆகவே கெடுதல் இல்லை என்று கூறுவோரும் உண்டு. வெல்லமும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

இவற்றையெல்லாம் அடுத்த கூட்டத்தில் எடுத்துரைத்தேன். முடிவில் ஒரு புதிய பட்டியல் உருவாயிற்று. ஒரு கப் அரிசிக்கு ஒன்றரை முதல் இரண்டு கப் வெல்லம் என்றிருந்ததை முக்கால் கப்பாகக் குறைத்தோம். பாசிப்பருப்பை அரை கப்பாகக் கூட்டினோம். ஏலமும் தேங்காய்ப்பல்லும் சுவையை ஈடுசெய்தன. பெரிய கிண்ணத்திற்குப் பதில் சிறு கிண்ணம். வெண்பொங்கலில் மிளகும் சீரகமும் தாராளமாக இடம்பெற்றன; இது புதுமையன்று, சோழர் காலத்துச் சுவைக்குத் திரும்புதலே. மொச்சையும் பரங்கிக்காயும் அப்படியே நீடித்தன. இனிப்புப் பானத்தை நீக்கி மோர் வைத்தோம். பொங்கல் பானையை மட்டும் யாரும் தொடவில்லை. அது பிள்ளைகள் கண்முன் பொங்கியே ஆக வேண்டும்.

இன்னொன்றும் செய்தோம். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஒவ்வோர் உணவின் அருகிலும் ஓர் அட்டை வைத்தார்கள். 'நான் மிளகாய். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தேன்' என்பது போன்ற வாசகங்கள். முதற்கூட்டத்தில் மறுப்புரைத்த பெரியவர் ஒவ்வோர் அட்டையாக நின்று படித்தார். பரங்கிக்காய் அட்டையருகே சிரித்தே விட்டார். பின்னர் சர்க்கரைப் பொங்கலைச் சுவைத்து, "இனிப்புக் கொஞ்சம் கம்மிதான், டீச்சர்" என்றார். சற்று நேரங்கழித்து வீட்டிலிருக்கும் மனைவிக்கென ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சென்றார்.

பெற்றோர்களே, வரும் பொங்கலில் உங்கள் இலையில் உள்ளவை எங்கிருந்து வந்தன என்று பிள்ளைகளோடு அமர்ந்து பேசுங்கள். நம் தாய்மார்கள் தாம் கிண்டிய பொங்கலைத் தாமும் உண்ண இயலும்படி ஒரு பட்டியல் வகுப்போம். நாளைய தலைமுறைக்கு நாமும் முன்னோர்கள்தாமே?