கடல் தாண்டிய மீன்பல்

வில்லியனூரிலிருந்து ஊசுட்டேரியைத் தாண்டி வடக்கே போனால் சேதராப்பட்டு, கரசூர், துத்திப்பட்டு என்று ஊர்கள் வரும். மேற்கே எல்லை கடந்தால் தமிழ்நாட்டு வழுதாவூர். கடல் இங்கிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கிழக்கே. ஆனால் இந்த நிலங்களுக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறையும் களியும் ஒரு காலத்துக் கடலின் தரை. அதில் புதைந்து கிடந்த மீன்பற்கள் சில 1840களின் தொடக்கத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தன. அவற்றின் கதையை இந்த ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கதை தொடங்குவது சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். இந்தியா அப்போது ஆசியாவோடு ஒட்டவில்லை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே தனித் தீவாக நகர்ந்துகொண்டிருந்தது. அதன் கிழக்குக் கரையோரக் கடலில் கோராக்ஸ் என்று அன்று பெயரிடப்பட்ட, இன்று ஸ்குவாலிகோராக்ஸ் என்று அழைக்கப்படும் சுறா இருந்தது. அதன் பல் ஓரங்கள் ரம்பம்போல் அறுக்கும். சுறாவுக்கு இருப்பது குருத்தெலும்புதான். செத்தால் உடல் மக்கிவிடும். ஆனால் வாழ்நாள் முழுக்கப் பல் விழுந்து, புதிது முளைத்துக்கொண்டே இருக்கும். விழுந்தவை சேற்றில் அமிழ்ந்து, மேலே சேறு படிந்து, பாறையோடு பாறையாகும். ஒரு முழு விலங்கின் சாட்சியாகப் பல் மட்டும் எஞ்சுவது இப்படித்தான்.

அந்தக் கடலில் இன்னொரு வேட்டை மீன் என்கோடஸ். மேல்தாடையின் முன்பக்கம் நீண்ட கோரைப்பற்கள். உடலில் செதில் அதிகமில்லை; தலைக்கும் முதுகுத் துடுப்புக்கும் நடுவே மட்டும் எலும்புத் தகடுகள் ஒரு வரிசை. ஆதிக்கடல் மீன் என்றதும் பலருக்கும் உடனே நினைவில் வருவது தலையும் மார்பும் கவசமிட்ட டங்கிலியோஸ்டியஸ். அது இங்கே கிடைக்காது. அந்தக் கவச மீன்கள் சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, டெவோனியன் காலத்தோடு அழிந்துபோயின. புதுச்சேரிப் பாறைகள் அவற்றுக்கு மிக இளையவை. என்கோடஸின் முதுகில் இருந்த அந்தத் தகடுகள்தான் நம் கடலுக்கு வாய்த்த கவசம்.

அந்தக் கடல் பின்வாங்கியது. பல் புதைந்த நிலம் பல ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே நகர்ந்தது. கப்பலேறும் முன்பே அந்தப் பல் நிலநடுக்கோட்டைத் தாண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான்.

மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரிகளான கே, கன்லிஃப் இருவரும் பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் தொல்லுயிர் எச்சங்களைத் திரட்டினார்கள். வில்லியனூரும் பாகூரும் அப்போது பிரெஞ்சு ஆட்சியில். பக்கத்து ஊர் ஆங்கிலேயரிடம். திரட்டியவை லண்டன் புவியியல் கழகத்துக்குப் போயின. சிப்பி, நத்தை, சுருள் ஓடுகொண்ட அம்மோனைட் எல்லாம் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸிடம் வந்தன. மீன்பற்கள் சர் பிலிப் எகர்ட்டனிடம். எகர்ட்டன் நாடாளுமன்ற உறுப்பினர். நண்பர் என்னிஸ்கிலன் பிரபுவோடு சேர்ந்து வாழ்நாளெல்லாம் மீன் எச்சங்களைச் சேகரித்தவர். மீன் எச்சங்களை ஆராய்ந்த லூயி அகாசிஸுக்குத் துணை நின்றவர். பல்லைப் பார்த்து மீனைச் சொல்ல அந்நாளில் அவரைப்போல் வெகு சிலரே இருந்தார்கள்.

1845இல் அந்தக் கழகத்தின் காலாண்டிதழில் எகர்ட்டனின் கட்டுரை வந்தது. பாண்டிச்சேரிப் படுகைகளில் கே, கன்லிஃப் கண்டெடுத்த மீன் எச்சங்களைப் பற்றியது. என்கோடஸ் செர்ராட்டஸ் என்ற பெயர் அதில்தான் பிறந்தது. இதே பேரினங்களைச் சேர்ந்த பற்கள் ஐரோப்பாவின் வெண்சுண்ணப் பாறைகளில் ஏற்கெனவே கிடைத்திருந்தன. ஆக, பாண்டிச்சேரிப் பாறையும் அவற்றைப்போல் கிரெட்டேசியஸ் எனப்படும் காலத்தைச் சேர்ந்ததே.

அந்தக் காலத்துக்குள் எந்தப் பகுதி என்பதில்தான் தகராறு. 1846இல் ஃபோர்ப்ஸ் இப்படுகைகளை கிரெட்டேசியஸின் தொடக்கத்தில் வைத்தார். பிரான்சின் தொல்லுயிரியலாளர் டோர்பிஞி இவை பிற்பகுதியைச் சேர்ந்தவை என்றார். வென்றது டோர்பிஞியின் பக்கம். டைனோசர்கள் அழிவதற்குச் சற்று முந்தைய, மாஸ்ட்ரிக்டியன் எனப்படும் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவை என்பது இன்று உறுதி. ஆனால் ஃபோர்ப்ஸ் வைத்த பெயர்கள் நிலைத்தன. அம்மோனைட்டுகளுக்கு பிரம்மா, விஷ்ணு, இந்திரா, வருணா என்று பெயரிட்டார். கடல்வாழ் உயிருக்கு வருணன் பெயர் எவ்வளவு பொருத்தம்! இந்திரா என்று அவர் பெயரிட்ட இனம் பின்னாளில் மடகாஸ்கரிலும் கனடாவின் பசிபிக் கரையிலும் கிடைத்தது.

1895இல் வார்த் என்ற புவியியலாளர் இப்பகுதியின் பாறை அடுக்குகளைப் பிரித்து எழுதினார். அவர் திரட்டியவை வியன்னாவில் தொல்லுயிரியலாளர் ஃபிரான்ஸ் கோஸ்மாட்டின் மேசைக்குப் போயின. லண்டன் கழகத்தின் அருங்காட்சியகம் 1911இல் கலைக்கப்பட்டபோது, வெளிநாட்டுச் சேகரிப்புகள் தெற்கு கென்சிங்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு மாறின. 1992இல் கென்னடி, ஹெண்டர்சன் என்ற இருவர் பாண்டிச்சேரி அம்மோனைட்டுகளை மறுபடி ஆராய்ந்து எழுதியபோது ஃபோர்ப்ஸின் பழைய மாதிரிகளுக்கே திரும்ப வேண்டியிருந்தது. ஓர் இனத்துக்கு முதன்முதலில் பெயர் சூட்டப் பயன்பட்ட மாதிரிதான் அந்த இனத்துக்கு அளவுகோல். உலகின் எந்த மூலையில் இந்திராவோ வருணாவோ கிடைத்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க லண்டனுக்குத்தான் போக வேண்டும்.

இந்தப் பயணத்தில் எனக்கு உறுத்துவது ஒன்று. எகர்ட்டனின் கட்டுரைத் தலைப்பில் 'பாண்டிச்சேரி' என்றுதான் இருக்கிறது. நகரத்தில் இந்தப் பாறை வெளியே தெரிவதில்லை. கடற்கரை மணலும் வண்டலும்தான். பாகூரிலும் தெரியாது. அங்கே தென்பெண்ணை கொண்டுவந்த வண்டல் மூடியிருக்கிறது. அதனால்தான் அது நெற்களஞ்சியம். பாறை தலைகாட்டுவது கரசூர், சேதராப்பட்டுப் பக்கம்தான். ஒரு படுகையில் எந்த அடுக்கில், எந்த ஊர் நிலத்தில் பல் கிடைத்தது என்பது தெரிந்தால்தான் முந்தியது எது, பிந்தியது எது என்று சொல்ல முடியும். ஊர்ப்பெயரை விட்டதில் அறிவியலுக்கும் நட்டம்.

அந்தக் கடல் இன்றும் இந்த ஊர்களுக்குப் பயன்படுகிறது. வானூர் மணற்கல், ராமநாதபுரம் மணற்கல் என்று நிலத்தடி நீர் அறிஞர்கள் பிரித்துச் சொல்லும் அடுக்குகள் அதே கிரெட்டேசியஸ் காலத்தவை. வில்லியனூர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் அவற்றிலிருந்தும் நீர் எடுக்கின்றன.

சேதராப்பட்டில் இன்று தொழிற்பேட்டை. அஸ்திவாரம் தோண்டும் இடத்தில் மண்ணோடு எச்சமும் லாரியில் போகும். சற்று வடமேற்கே உள்ள திருவக்கரைக் கல்மரங்கள் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். வேலி உண்டு, காவல் உண்டு. அவை நீண்ட அடிமரங்களாகக் கிடப்பதால் கண்ணில் படுகின்றன. நகத்தளவு பல் படாது. கரசூரில் பாறை வெளியே தெரியும் ஒரு சிறு துண்டு நிலத்தையாவது அரசு ஒதுக்கி வேலியிட வேண்டும். லண்டனில் உள்ள மாதிரிகளின் அச்சு வார்ப்புகளைக் கேட்டு வாங்கி, வில்லியனூர் அரசுப் பள்ளி ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டியின் மேல் என்கோடஸ் செர்ராட்டஸ் என்ற பெயருக்குக் கீழே கரசூர், சேதராப்பட்டு, துத்திப்பட்டு என்று ஊர்களின் பெயரையும் எழுத வேண்டும்.