அவுட்பாக்ஸில் காத்துக் கிடக்கும் கடிதங்கள்

'அனுப்பு' பொத்தானை அழுத்திவிட்டால் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வேலைக்கான விண்ணப்பம் அவுட்பாக்ஸிலேயே உட்கார்ந்திருக்கும், கடைசித் தேதியும் போயிருக்கும்! உடனே மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார்கள். ஆனால் கடிதத்தை வரிசையில் நிறுத்துவது கோளாறு அல்ல. அது தெரிந்தே செய்த ஏற்பாடு.

1970களின் இறுதியில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இன்கிரெஸ் என்ற ஆராய்ச்சித் திட்டத்தின் கணினிக்கு அர்ப்பாநெட் இணைப்பு இருந்தது. மின்னஞ்சல் ஆசையில் எல்லோரும் அதில் கணக்குக் கேட்டு நச்சரித்தார்கள். அங்கிருந்த எரிக் ஆல்மன், கணக்குக் கொடுப்பதைவிடக் கடிதத்தை மட்டும் கடத்திவிடுவது சுலபம் என்று ஒரு நிரல் எழுதினார். 1979-ல் வெளிவந்த அந்த டெலிவர்மெயில்தான் பிறகு சென்ட்மெயில் ஆனது.

அன்றைய இணைப்புகளை நம்ப முடியாது. எதிர்முனைக் கணினி அணைந்தே கிடக்கலாம். அதனால் சென்ட்மெயில் கடிதத்தை ஒரு கோப்பிலும், யாருக்குப் போக வேண்டும் என்ற விவரத்தை இன்னொரு கோப்பிலும் வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப முயன்றது.

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிகள் இதற்கு ஒரு கணக்குமுறை தந்தன. கடிதம் முழுவதும் வந்த பிறகு சர்வர் 250 என்று பதில் சொன்னால், இனி அது சர்வரின் பொறுப்பு. லாரி ஆபீஸில் சரக்குக்கு ரசீது போடுவது மாதிரி! 4-ல் தொடங்கும் எண் வந்தால் பிறகு முயலலாம், 5-ல் தொடங்கினால் அப்படியே திரும்ப அனுப்பிப் பயனில்லை. அரை மணி நேரமாவது இடைவெளி விட்டு, குறைந்தது நான்கைந்து நாள் முயல வேண்டும் என்று 1989-ல் வந்த விதி சொன்னது. சில கடிதங்கள் ஐந்து நாள் கழித்துத் திரும்பி வருவது இதனால்தான். அவுட்பாக்ஸில் நிற்கும் கடிதத்துக்கோ இன்னும் 250 கிடைக்கவில்லை. அதற்கு அனுப்பியவரே பொறுப்பு.

ஆரம்ப காலத்தில் யார் கடிதம் கொடுத்தாலும் சர்வர்கள் வாங்கிக் கடத்திவிட்டன. 1990களில் குப்பை அஞ்சல்காரர்கள் இந்தத் தாராளத்தைக் கெடுத்தார்கள். சர்வர்கள் கதவைச் சாத்தின, பல இணைப்பு நிறுவனங்கள் 25-ஆம் போர்ட்டையே அடைத்தன. 1998 டிசம்பரில் பயனர்கள் கடிதம் கொடுக்க 587 என்ற தனி வாசலும், 1999-ல் கடவுச்சொல் கேட்கும் முறையும் விதிகளாயின. 1997-ல் வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இந்த இடைக்காலத்தில் மாட்டிக்கொண்டது. பாவம், பழி முழுக்க அதன் தலையில்! வீட்டில் போன கடிதம் வேறு இணைப்பில் போகாது. ஆனால் பெறுவது மட்டும் ஒழுங்காக நடக்கும், ஏனென்றால் பி.ஓ.பி.3-க்கு வாசல் வேறு, 110. சில சர்வர்களில் முதலில் அஞ்சலைப் பெற்றுவிட்டு உடனே அனுப்பினால் போய்விடும். பெறும்போது கொடுத்த கடவுச்சொல்லை வைத்தே அவை ஆளை அடையாளம் கண்டுகொண்டன.

ஆகவே அஞ்சல் வருகிறது, போகவில்லை என்றால் இணைப்பைக் குறை சொல்ல வேண்டாம். அனுப்பும் சர்வரின் போர்ட் எண்ணையும், கடவுச்சொல் கேட்கும் அமைப்பையும் பார்க்க வேண்டும். 'ஆஃப்லைனில் வேலை செய்' என்பதில் டிக் இருக்கிறதா என்பதையும் மறக்கக் கூடாது. அடுத்தது இணைப்புக் கோப்பு. 1992-ன் மைம் விதிப்படி எழுத்துகளாக மாற்றும்போது அது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும், 9 எம்.பி. படம் 12 எம்.பி.க்கு மேல் போகும். சர்வரின் எல்லை 10 எம்.பி. என்றால் எத்தனை முறை அழுத்தினாலும் போகாது. அதை டிராஃப்ட்ஸுக்கு நகர்த்தினால் பின்னால் நிற்பவை கிளம்பும்.

2022 மே 30 முதல், வெறும் கடவுச்சொல்லோடு வரும் பழைய நிரல்களை ஜிமெயில் படிப்படியாக நிறுத்தியது. எந்த அமைப்பையும் மாற்றாதவர்களின் அவுட்பாக்ஸ்களும் மறுபடி நிரம்பின.