டிராக்டரின் குண்டு முனை பிறந்த கதை



டிராக்டரின் பின்னால் கலப்பையை மாட்டுகிற மூன்று கைகளின் நுனியைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றிலும் துளை போட்ட ஓர் இரும்புக் குண்டு, வளையத்துக்குள் நாலாபக்கமும் திரும்பும்படி அடங்கியிருக்கும். சின்னச் சாமான்தான். ஆனால் அது வந்த கதை பெரிது.

முதல் உலகப் போர்க் காலத்தில் டிராக்டர்கள் கலப்பையைப் பின்னால் கட்டி, வண்டி மாதிரி இழுத்துக்கொண்டு போயின. கொழு கல்லிலோ வேரிலோ சிக்கினால் கலப்பை நின்றுவிடும். பின்சக்கரமோ விடாமல் சுற்றப் பார்க்கும். உடனே முன்பக்கம் மேலே எழும்பி, டிராக்டர் ஓட்டுகிறவர் மேலேயே மல்லாந்து விழும். இப்படிப் போன உயிர்கள் உண்டு.

1917-ல் அயர்லாந்தில் ஹாரி ஃபெர்குசன் என்பவரிடம், டிராக்டர் உழவைச் சீர்படுத்தும் பொறுப்பை அரசு கொடுத்தது. கலப்பையை இழுத்துப் போகக் கூடாது, டிராக்டரின் உடம்போடு சேர்த்து மாட்ட வேண்டும் என்பது அவர் கண்ட வழி. பல வருஷச் சோதனைக்குப் பிறகு, 1936-ல் அவருடைய மூன்று கை அமைப்போடு டிராக்டர் விற்பனைக்கு வந்தது. 1939-ல் ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையும் அதைச் செய்தது.

இதில் கீழ்க் கைகள் இரண்டும் கலப்பையை இழுக்கின்றன. உழும்போது கலப்பையின் தலை முன்னால் சாயப் பார்க்கும். அந்தத் தள்ளலை மேல் கை, அதாவது டாப் லிங்க், வாங்கி டிராக்டரின் முன்பக்கத்தைத் தரையில் அழுத்துகிறது.

சரி, குண்டு எதற்கு? கலப்பை ஒரு பக்கம் மேடேறும், ஒரு பக்கம் இறங்கும், இடம் வலமாக ஒதுங்கும். வெறும் துளையானால் பின் வளையும், காது கிழியும். குண்டு திரும்பிக் கொடுப்பதால் இரும்பு தப்பிக்கிறது.

1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்ததால் ஃபெர்குசன் பெயர் நம்ம ஊர் வயலுக்கும் வந்தது.

குண்டு வாங்கப் போகும்போது அளவு பார்த்து வாங்குங்க. முதல் வகையில் கீழ்ப் பின் 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ. இரண்டாம் வகையில் கீழ்ப் பின் 28 மி.மீ., மேல் பின் 25 மி.மீ. பெரிய குண்டில் சின்னப் பின்னைச் சொருகினால் ஆட்டம் கண்டு இரண்டுமே தேயும். அதற்கென்று உள்ள புஷ்ஷைப் போடுங்க. டாப் லிங்க்கின் ஒரு முனை வல மரை, மறுமுனை இட மரை. நடுக்குழாயைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து நீளும். அளவுக்கு மேல் நீட்டினால் மரையின் பிடிப்புக் குறைந்து கழன்றுவிடும்.

கடைசியாக ஒன்று. சேற்றில் மாட்டின வண்டியை இழுக்க, டாப் லிங்க் மாட்டுகிற இடத்தில் ஒருபோதும் சங்கிலி கட்டாதீங்க. உயரத்தில் கட்டி இழுத்தால் டிராக்டர் அந்தக் காலத்துப் போலவே மல்லாந்துவிடும். கீழே உள்ள டிராபாரில் கட்டி, மெதுவாக இழுங்க.