அரை அவுன்ஸும் அறுபது கிராமும்

1840இல் பிரிட்டன் தொடங்கிய பென்னி அஞ்சலுக்கும் 1845இன் அமெரிக்க அஞ்சல் சட்டத்துக்கும் அடிப்படை எடை ஒன்றே: அரை அவுன்ஸ். ஒரே படிக்கல்லை வைத்துத் தொடங்கிய இவ்விரு நாடுகளில், கிராமை முதலில் அஞ்சலுக்குள் அழைத்தது எது? இன்றைய நிலையைப் பார்ப்பவர் பிரிட்டன் என்பார். சட்டமோ வேறு கதை சொல்கிறது.

1866இல் அமெரிக்கக் காங்கிரஸ், வெளிநாட்டுத் தபால் பரிமாறும் அலுவலகங்களுக்குக் கிராம் தராசுகள் வழங்க வகைசெய்தது; அஞ்சல் கணக்கில் அரை அவுன்ஸ் 15 கிராமுக்குச் சமம் என்றும் விதித்தது. 1863இல் பாரிஸ் அஞ்சல் மாநாட்டில் அமெரிக்காவின் பிரதிநிதியாக இருந்த ஜான் காசன்தான், 1866இல் பிரதிநிதிகள் சபையின் நாணய, எடை, அளவைக் குழுவுக்குத் தலைவர். அவ்வாண்டு பிறந்த ஐந்து சென்ட் நிக்கல் நாணயத்தின் எடையும் 5 கிராம்! மூன்று நாணயங்களைத் தட்டில் இட்டால் கடிதத்தின் எடைவரம்பு கிடைத்துவிடும்.

பிரிட்டன் நிதானமாக வந்தது. 1971 பிப்ரவரி 15இல் பணம் தசமமுறைக்கு மாறிய பிறகும் கடிதம் அவுன்ஸிலேயே நிறுக்கப்பட்டது. 1975 செப்டம்பர் 29இல்தான் 2 அவுன்ஸ் இருந்த இடத்துக்கு 60 கிராம் வந்தது. முதல் வகுப்புக் கட்டணமும் அன்றே 7 பென்னியிலிருந்து எட்டரைப் பென்னியானது.

109 ஆண்டு இடைவெளி கொண்ட இவ்விரு மாற்றங்களையும் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. அவுன்ஸ் என்பது 28.35 கிராம். அமெரிக்கர் அரை அவுன்ஸை 15 ஆக்கினர். பிரிட்டிஷார் இரண்டு அவுன்ஸை 60 ஆக்கினர். இரு தரப்பும் அவுன்ஸை 30 கிராமாகவே கொண்டன. இரண்டிலும் மிச்சம் அனுப்புபவர் பக்கமே சாய்ந்தது. பிரிட்டனில் மட்டும் அந்தச் சலுகை விலையேற்றத்தோடு சேர்ந்து வந்தது.

அந்தச் சேர்க்கையே பிரிட்டனின் வெற்றி என்பது என் கணிப்பு. கட்டணம் உயரும் நாளில் எல்லா அலுவலகங்களிலும் பட்டியல் எப்படியும் மாறியாக வேண்டும். எடையும் அதே பட்டியலில் மாறிவிட்டது. அமெரிக்கச் சட்டமோ கிராமை வெளிநாட்டுத் தபாலின் வாசலிலேயே நிறுத்தியது. உள்ளூர்க் கடிதம் எழுதியவருக்கு அதைச் சந்திக்கும் தேவையே எழவில்லை. பிரிட்டன் அஞ்சல் கிராமுக்கு மாறிய அதே 1975இன் டிசம்பரில் அமெரிக்கா மெட்ரிக் மாற்றச் சட்டம் இயற்றியது. ஆனால் அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

இன்று சாதாரணக் கடிதத்துக்கு பிரிட்டனின் உச்ச எடை 100 கிராம். அமெரிக்காவில் அது 3.5 அவுன்ஸ், கிராமில் சொன்னால் 99.2.